வீட்டுக் கொட்டகை, முழு போர்டிங், பாதி போர்டிங்: வடசென்னையில் குதிரையை எங்கே வைப்பது?

வடசென்னையில் சொந்தமாகக் குதிரை வாங்குகிறவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மாதவரம், புழல், மணலி பக்கம் ஒரு மனையை வாடகைக்குப் பிடித்து, கொட்டகை போட்டு, குதிரையைப் பராமரிக்கும் ஆளான சயீஸ் ஒருவரை அமர்த்திக்கொண்டு தாமே வைத்துக்கொள்வது முதல் வழி. செங்குன்றத்துக்கு அப்பால் ஏதாவதொரு சவாரிப் பயிற்சி லாயத்தில் மாதக் கட்டணம் கட்டி, தீவனம் முதல் லாடம் வரை எல்லாவற்றையும் அவர்களிடமே ஒப்படைத்துவிடும் முழு போர்டிங் இரண்டாவது. இடம், மைதானம், இரவுக் காவல் ஆகியவை லாயத்தினுடையவை, தீவனமும் படுக்கையும் சயீஸும் நம்முடையவை என்று பிரித்துக்கொள்ளும் பாதி போர்டிங் மூன்றாவது. என்னுடைய மார்வாரி இனக் குதிரை இந்த மூன்றையும் பார்த்துவிட்டு இப்போது பாதி போர்டிங்கில் நிற்கிறது. ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று நான் சொல்லிக்கொள்ளப் போவதில்லை.

எல்லாருக்கும் தெரிந்தவற்றை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் காலையும் மாலையும் குதிரையைப் பார்க்கலாம். புதிதாக வந்து சேரும் குதிரைகளிடமிருந்து நோய் தொற்றும் அபாயமும் குறைவு. 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருப்பதால், மாதவரத்திலிருந்து அங்கே போய்ச் சேருவது செங்குன்றத்துக்கு அப்பாலிருந்து போவதைவிட எளிது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்று நோவு கண்டுவிட்டால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதால் இதை அற்பமாகக் கருத முடியாது. மறுபுறம், கூட்டமாக வாழும் விலங்கு தனியாகக் கட்டப்பட்டால் கட்டையைக் கடிக்கத் தொடங்குகிறது, நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கிறது. சவாரிக்கும் இங்கே இடமில்லை. மாதவரம் இருநூறடிச் சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குதிரையை நடத்திச் செல்வது யாருக்கும் நல்லதல்ல. திருவொற்றியூர்க் கடற்கரையிலோ நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். இவற்றைக் கூட்டிக் கழித்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகவே நிற்கும்.

தராசை ஒரு பக்கம் சாய்ப்பது தரை. வடசென்னையில் குதிரை வளர்ப்பது பற்றிப் பேசும்போது எல்லாரும் புல் விலையையும் சயீஸ் சம்பளத்தையும் பேசுகிறார்கள்; குதிரையின் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை மழைக்காலம் வரும்வரை பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. நம் ஊரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. புழல் ஏரியின் உபரிநீர் வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாகத்தான் எண்ணூரை நோக்கிப் போகிறது. மதகு திறக்கும் நாளில் அந்த ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை விடுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலியிலிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியதை நாம் அனைவரும் அறிவோம். அந்தத் தண்ணீரில் கணுக்கால் அளவு நின்ற மாடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வெள்ளம் வராத ஆண்டுகளிலும் தரை காய்வதில்லை என்பதே நான் சொல்ல வந்தது. ஏரிகளை ஒட்டிய மாதவரம், ரெட்டேரி, புழல் பகுதிகளில் கார்த்திகை மாதத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி, சிமென்ட் போட்ட தளமே அடியிலிருந்து கசிகிறது. இது போதாதென்று, பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய சாலை போடும் வழக்கத்தால், தெருவைவிட உயரமாக இருந்த மனை சில ஆண்டுகளில் தெருவைவிடத் தாழ்ந்துவிடுகிறது. வாடகை மனையில் இரண்டடி மண் அடித்து உயர்த்தும் செலவை மனைக்காரர் ஏற்க மாட்டார். நாம் ஏற்றால், காலி செய்யும் நாளில் மண்ணை அள்ளிக்கொண்டு போக முடியாது.

ஈரத்தை மழை மட்டும் கொண்டுவருவதில்லை. வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழப் பதினைந்து முதல் இருபது கிலோ சாணமும், ஐந்து முதல் பத்து லிட்டர் சிறுநீரும் கழிக்கிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையில் அது வடிய வழியில்லாவிட்டால், குளம்பின் அடிப்புறத்தில் முக்கோண வடிவில் மெத்தென்றிருக்கும் பகுதியின் இரு பக்கப் பள்ளங்களில் அழுக்கு தங்கி அழுகத் தொடங்குகிறது. குளம்பைத் தூக்கி, கொக்கியால் அந்தப் பள்ளத்தைச் சுரண்டினால், கறுப்பாகக் களிம்புபோல ஒன்று வரும்; அதன் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் பிறகு கொட்டகைக்குள் நுழையும்போதே இனம்கண்டுகொள்ளலாம். அந்த நிலையில் கொக்கியைச் சற்று அழுத்தினாலும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். மாதவரத்தில் இருந்தபோது ஒரு நவம்பரில் லாடம் அடிக்க வந்த பாய், குளம்பின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “சார், ஆணி இறங்குற இடமே ஊறிப் போயிருக்கு. இப்ப அடிச்சா பதினஞ்சு நாள்கூட நிக்காது. தரையைக் காய வையுங்க, அப்புறம் கூப்பிடுங்க” என்று சொல்லி, கூலியும் வாங்காமல் பெட்டியை மூடிவிட்டார். ஊறுவதும் காய்வதுமாக மாறி மாறி இருக்கும் குளம்பில் ஆணித் துளைகள் தளர்ந்துவிடுகின்றன. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வர வேண்டிய லாடச் செலவு இதனால் அடிக்கடி வருகிறது. ஒருமுறை கழன்ற லாடம் குளம்பின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு போனால், அடுத்ததை அடிக்கவே இடமிருக்காது.

தூக்கத்தையும் தரைதான் தீர்மானிக்கிறது. குதிரை நின்றுகொண்டே கண்ணயரும் என்பது உண்மையே. ஆனாலும் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தாக வேண்டும். ஈரத்தில் படுக்கப் பெரும்பாலான குதிரைகள் தயங்குகின்றன. இரவெல்லாம் நின்றே கழித்த குதிரையை மறுநாள் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை.

இங்கேதான் நல்ல லாயம் ஒன்று நம்மால் வாங்க முடியாததை விற்கிறது. இப்போது என் குதிரை இருக்கும் இடத்தில் அறைகளின் தளம் வெளியே இருக்கும் முற்றத்தைவிட முழங்கால் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அடியில் செங்கல் ஜல்லி, மேலே கெட்டித்த மண், அதன் மேல் ரப்பர் பாய் என்று அடுக்கி, பின்சுவரை நோக்கி லேசான சரிவு கொடுத்து, அங்கே திறந்த வாய்க்கால் விட்டிருக்கிறார்கள். இது ஒருவர் ஒரு குதிரைக்காகச் செய்யக்கூடிய வேலையல்ல. இருபது குதிரைகளின் கட்டணத்தில்தான் கட்டுப்படியாகும். கட்டணத்தை ஒப்பிடுகிறவர்கள், தீவனத்தையும் கூலியையும் கழித்த பிறகு மீதமிருப்பது இந்தத் தரைக்கான வாடகை என்று எடுத்துக்கொண்டால், அது அதிகமாகத் தோன்றாது. எல்லா லாயங்களும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லாமே காய்ந்துதான் இருக்கும். நவம்பரில், காலையில் சாணம் வாருவதற்கு முன்னால் போய், அறைக்குள் குந்தி உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத நெடி முழங்கால் உயரத்தில் கண்ணைக் கரிக்கும். படுத்திருக்கும் குதிரை மூச்சுவிடும் உயரம் அது.

முழு போர்டிங்கை விட்டு நான் பாதி போர்டிங்குக்கு மாறியதற்கும் காரணம் இதே தரைதான். தளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் மேல் விரிக்கும் படுக்கை போதாவிட்டால் பயனில்லை. முழு போர்டிங்கில் லாயக்காரர் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கை வைப்பது அதில்தான். புல் குறைந்தால் குதிரையின் விலாவில் தெரிந்துவிடும், உமி குறைந்தால் பல வாரங்களுக்கு யாருக்கும் தெரியாது. முன்பு நான் வைத்திருந்த ஓரிடத்தில் நனைந்த உமியை அகற்றாமல் அதன் மேலேயே புதியதைத் தூவி வந்தார்கள்; மேலே பார்க்கப் பொன்னிறமாகத்தான் இருந்தது, காலால் கிளறினால் கீழே கூழாக இருந்தது. பாதி போர்டிங்கில் படுக்கையை நாமே வாங்குகிறோம், நம் சயீஸே மாற்றுகிறார். செங்குன்றத்தைச் சுற்றி அரிசி ஆலைகள் இருப்பதால் உமிக்குப் பஞ்சமில்லை. தூசியைச் சலித்துவிட்டு அரையடி உயரத்துக்குப் போட்டு, நனைந்த இடத்தை மட்டும் தினமும் தோண்டி எடுத்தால் போதும். இருமும் குதிரைக்கு உமியைவிடத் தூசியில்லாத மரச்சீவல் நல்லது. ஆனால் பிளைவுட் பட்டறைத் தூளைத் தொடக்கூடாது, அதில் பசையும் ரசாயனமும் கலந்திருக்கும்.

தீவனத்தில் பாதி போர்டிங்குக்கு இன்னொரு சாதகம் உண்டு. பல லாயங்களில் மலிவாகக் கிடைக்கும் கோ-4 வகைக் கம்பு நேப்பியர் புல்லையும் தவிட்டையும் தாராளமாகப் போடுகிறார்கள். மாட்டுக்கு அது நல்ல தீவனம். குதிரைக்கோ, அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் உடலில் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் கட்டிப்போடுகிறது. தவிட்டில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ் அந்தக் குறையை மேலும் கூட்டுகிறது. மாதக்கணக்கில் இதுவே தொடர்ந்தால் முகத்தெலும்பு வீங்கி, கால் தாங்கத் தொடங்கும். நானே வாங்குவதால் உலர்புல்லையும், லூசர்ன் எனப்படும் குதிரைமசால் தீவனப் பயிரையும் முதன்மையாக வைத்து, ஊறவைத்த கொள்ளை அளவாகச் சேர்க்க முடிகிறது.

பாதி போர்டிங்கின் தொல்லைகளும் கொஞ்சமல்ல. சயீஸ் ஊருக்குப் போகும் நாளில் லாயத்து ஆட்களைக் கெஞ்ச வேண்டும். பொங்கல், ரம்ஜான் வாரங்களில் அவர்களும் இருக்க மாட்டார்கள். நம் உமி மூட்டை பக்கத்து அறைக்குப் போய்விடுவதும், அதைப் பற்றி வாக்குவாதம் வருவதும் உண்டு. நடு இரவில் வயிற்று நோவு வந்து, உரிமையாளர் போனை எடுக்காவிட்டால் மருத்துவரை யார் அழைப்பது, பணத்தை யார் கட்டுவது என்பதைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த விஷயத்தில் முழு போர்டிங் தெளிவானது.

காயடித்த ஆண் குதிரை ஒன்றை மட்டுமே நான் வைத்திருக்கிறேன். சினைக் குதிரைக்கும் குட்டியோடு இருக்கும் தாய்க்கும் மற்றக் குதிரைகளின் சந்தடி ஒத்துவருமா என்பதை, அவற்றை வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வதே முறை. வாரத்தில் இரண்டு நாள்கூட லாயத்துக்குப் போக முடியாதவர்களுக்கு நான் பாதி போர்டிங்கைப் பரிந்துரைக்க மாட்டேன். பார்க்க ஆளில்லாத சயீஸும் பார்க்க ஆளில்லாத லாயமும் ஒன்றுதான். அவர்கள் முழு போர்டிங்கிலேயே இருந்துகொண்டு, படுக்கையை மட்டும் தங்கள் செலவில் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பார்க்கலாம். சில லாயங்கள் கட்டணத்தில் சிறிது கழித்துக்கொண்டு இதற்கு ஒப்புக்கொள்கின்றன; சொந்த மனை மேட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது.