ராட்வைலருக்கு எது சரி: மூட்டைத் தீனியா, பச்சைக்கறியா, வீட்டுச் சமையலா?

ராட்வைலர் வளர்க்கிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது 'கடிக்குமா?', அடுத்து 'தினமும் எத்தனை கிலோ கறி போடுவீங்க?' ஆளைப் பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டியும் போகும், தலையே ஒரு பூசணிக்காய் அளவு இருக்கும். ஆனால் அந்தத் தசை பரம்பரையிலேயே வருவது, ஓட்டத்தாலும் நடையாலும் நிலைப்பது. இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அடிக்கடி வருவதால், சாப்பாட்டு விஷயத்தில் நாம் முதலில் காப்பாற்ற வேண்டியது எலும்பையும் மூட்டையும்தான்.

இங்கே சிங்கப்பூரில் இன்னொன்றும் உண்டு. வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், ராட்வைலருக்கு அனுமதி இல்லை, அதனால் பெரும்பாலும் தரைவீடுதான். வெளியே கூட்டிப் போனால் கயிறும் வாய்ப்பூட்டும் கட்டாயம், வெயிலுக்குப் பயந்து காலையில் கொஞ்சம், இரவில் கொஞ்சம் என்றுதான் நடை. தோட்டத்திலும் வயலிலும் ஓடித் திரிகிற நாயின் கணக்கை இதற்குப் போட்டால் குண்டாகிவிடும்.

குட்டிக்கு என்ன போடுவது என்பதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது: பெரிய இனக் குட்டிகளுக்கென்று தயாரித்த கிபிள் என்ற உலர்தீனி, அதாவது மூட்டைத் தீனி. காரணம் கால்சியம். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை ஓரளவு உள்ளே விடாமல் தடுத்துக்கொள்ளும், சில மாதக் குட்டியால் அது முடியாது, போடுவதெல்லாம் உடம்புக்குள் போய் எலும்பு கோணலாக வளரும். கிரேட் டேன் குட்டிகளை வைத்து 1980களிலேயே இதை ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். குறைந்தாலும் ஆபத்து, எலும்பு உடைகிற அளவுக்கு மெலிந்துபோகும். இந்த நடுவழியை அடுப்படியில் கண்ணளவாகப் பிடிக்க முடியாது. மூட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், வளர்ந்தபின் 70 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 32 கிலோவுக்கு மேல், போகிற நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று. அந்த வரி இருந்தால் வாங்கலாம். முன்பக்கத்தில் ஓநாய் படம் இருக்கிறதா என்பதெல்லாம் தேவையே இல்லை. அப்புறம் அந்தத் தீனியோடு 'எலும்பு பலமாகட்டும்' என்று கால்சியம் மாத்திரை சேர்த்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். புரதம் அதிகமானால் இடுப்பு போய்விடும் என்பதும் பழைய பயம். அதிகக் கலோரியும் அதிகக் கால்சியமும்தான் அங்கே வில்லன்கள்.

வளர்ந்த நாய்க்கு வந்தால்தான் மூன்றும் உண்மையாகவே போட்டி போடும்.

பச்சைக்கறி ஆதரவாளர்கள் சொல்வதில் பாதி உண்மை. மலம் குறைவாக, கெட்டியாக இருக்கும், ரோமம் பளபளக்கும், பல நாய்கள் ஆசையாகச் சாப்பிடும். உடல் எடையில் இரண்டு முதல் மூன்று சதவீதம் என்பது அவர்கள் கணக்கு, 45 கிலோ நாய்க்கு நாளுக்கு ஒரு கிலோவுக்கு மேல், வாரத்துக்கு எட்டு கிலோவை ஒட்டி வரும். நம் வீட்டு ஃப்ரீசரில் எட்டு கிலோ வைத்துவிட்டு மீன் எங்கே வைப்பது? மாட்டிறைச்சி வாசலைத் தாண்டக்கூடாது என்கிற வீடுகளில் கடையில் கிடைக்கும் தயார் பாக்கெட்டுகளில் பாதி கழிந்துவிடும், மிச்சம் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கும் கோழியும் ஆடும்தான். இதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். சால்மொனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமியைச் சமாளிப்பதுதான் கஷ்டம். உறைய வைத்தால் அது சாகாது, தூங்கும், அவ்வளவுதான். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே அதன் எச்சிலிலும் மலத்திலும் கிருமி வெளியேறலாம். காலையில் எடுத்துச் சிங்க் பக்கத்தில் உருக வைத்த கறி, 31 டிகிரி வெயிலில் பத்து மணிக்குள் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். வீட்டில் தவழும் குழந்தையோ வயதான பாட்டியோ இருந்தால் இந்த வழியே வேண்டாம் என்பேன். நாய், பூனை போன்ற சிறுவிலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களின் உலக அமைப்பான டபிள்யூஎஸ்ஏவிஏவும் பச்சைக்கறிக்கு எதிராகத்தான் பேசுகிறது.

வீட்டுச் சமையல் நம்மவர்களுக்கு மனத்துக்கு நெருக்கமானது, நாய்க்குப் பாட்டி தயிர்சாதம் பிசைந்து வைத்த காலத்திலிருந்தே. கணக்கைப் பார்ப்போம். கருத்தடை செய்த 45 கிலோ நாய்க்குச் சுமார் 1,900 கலோரி வேண்டும். வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 600 கிராம், சோறு 700 கிராம் என்று போட்டால் கலோரி சரியாக வந்துவிடும், புரதமும் தாராளம். கால்சியம்? தேவை இரண்டு கிராம், இந்தத் தட்டில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு முட்டை ஓட்டைக் கழுவி, காயவைத்து, மிக்ஸியில் நைஸாக அரைத்தால் கிட்டத்தட்ட இரண்டு கிராம் கால்சியம் கிடைக்கும். சரி, அது தீர்ந்தது. துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ? 2013இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நூல்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு 95இல் ஏதாவது ஒரு அவசியச் சத்து குறைந்திருந்தது. ஆகவே முழுநேரமும் சமைத்துத்தான் போடுவேன் என்றால் கால்நடை ஊட்டச்சத்து நிபுணர் எழுதித் தரும் குறிப்பும் அதற்கான சத்துப்பொடியும் வேண்டும். நமக்குச் சமைத்ததில் மிச்சம் போடுவது இந்தக் கணக்கிலேயே வராது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைப்பவை, வேகவைத்தாலும் உடைப்பவை, நம் குழம்பில் அவை இல்லாத நாள் எது?

வசதியையும் பார்க்க வேண்டும். 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, ஈரச்சந்தைக் கோழியை நம்பிச் சமைத்தவர்கள் உறைந்த கோழிக்கு ஓடினார்கள், மூட்டைக்காரர்களுக்கு அது செய்தியாக மட்டும் இருந்தது. மூட்டைக்கும் இங்கே எதிரிகள் உண்டு. 15 கிலோ மூட்டையைத் திறந்து போட்டால் இந்த ஈரப்பதத்தில் கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், எறும்பு வரிசை கட்டும். மூட்டையைப் பிரித்துக் கொட்டாமல் அப்படியே இறுக்கமான டப்பாவுக்குள் வையுங்கள், தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைத்தால் எறும்பு ஏறாது.

என் தேர்வு இது: அடிப்படை மூட்டைத் தீனி, மேலே வேகவைத்த கோழியோ பூசணியோ, மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள். அந்தப் பத்து சதவீதம் யார் கையிலும் நிற்பதில்லை என்பது வேறு விஷயம். பணிப்பெண் காலையில் போட்டிருப்பார், தெரியாமல் தாத்தா இன்னொரு தடவை போடுவார், ஞாயிற்றுக்கிழமை என்றால் பிராட்டா வேறு. குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, போட்டவர் டிக் அடிக்கட்டும்.

அளவு சரியா என்று தெரிய விலாவைத் தொட்டுப் பாருங்கள். கையை விரித்துப் புறங்கை எலும்புகளைத் தடவினால் எப்படித் தெரியுமோ அப்படித் தெரிய வேண்டும். முட்டி மடக்கிய கை மாதிரி துருத்தினால் மெலிவு, உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் பருமன். 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்துச் செய்த நீண்ட ஆய்வு ஒன்றில், தன் ஜோடியைவிடக் கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை நடுமதிப்பில் 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2. முடிவு வந்தது 2002இல். எந்தப் பிராண்டு என்ற சண்டையை விட இந்த ஒரு எண்ணுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

எதைப் போட்டாலும் ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், விழுங்குகிற நாயாக இருந்தால் மேடு பள்ளம் உள்ள தட்டு வாங்குங்கள். ராட்வைலர் மாதிரி ஆழமான மார்பு உள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு புடைத்து, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நாய் தவித்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது. 24 மணி நேரம் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.