மூன்று தளங்களைக் காட்ட பிரிஸ்டல் போட்டா, ஜியோஜிப்ராவா?

உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் சிலர் ஹட்டனில் என்னிடம் கணிதம் படிக்க வருகிறார்கள். மூன்று தெரியாக்கணியங்களுக்கு மூன்று சமன்பாடுகள் கொடுத்தால் கடகடவென்று தீர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு சமன்பாடும் முப்பரிமாணத்தில் ஒரு தளம். 'தீர்வு இல்லை' என்று வந்தால் அந்த மூன்று தளங்களும் எப்படி நிற்கின்றன என்று கேளுங்கள், அமைதிதான். "சமாந்தரம், சேர்" என்பார்கள். எப்போதும் அப்படி இல்லையே.

பலகையில் வரைவதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. இரண்டு தளம் வரை சரி. மூன்றாவது வந்ததும் எந்தக் கோடு முன்னால், எது மறைவில் என்று வரைந்தவருக்கே குழம்பிவிடும். மிச்சம் இரண்டுதான்: வெட்டிக் கோக்கும் பிரிஸ்டல் போட் என்ற விறைப்பான மட்டை, ஃபோனில் சமன்பாட்டைப் படமாக வரைந்து காட்டும் ஜியோஜிப்ரா செயலி. நான் போட் பக்கம்.

x = 0, y = 0, x + y = 2 என்று எடுத்துக்கொள்வோம். எந்த இரண்டும் சமாந்தரம் இல்லை. ஒவ்வொரு சோடியும் ஒரு நேர்கோட்டில் வெட்டுகிறது. அந்த மூன்று கோடுகளில் ஒன்று z அச்சேதான், மற்ற இரண்டும் அதற்குச் சமாந்தரம் என்பதால் மூன்று தளங்களுக்கும் பொதுப் புள்ளி கிடையாது. நடுவில் ஒரு முக்கோண அரியம், அதாவது மூன்று பக்கச் சுவர் கொண்ட குழாய் போன்ற வடிவம், நிற்கும். இதை ஜியோஜிப்ராவில் தட்டினால் நொடியில் படம் வந்துவிடும். பிள்ளை "ஆ, சரி சேர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும்.

போட்டில் அப்படித் தப்ப முடியாது. ஒவ்வொரு மட்டையிலும் இரண்டு பிளவுகள் வெட்ட வேண்டும். பிளவு என்பதே வெட்டுக்கோடு. ஆகவே பிளேட்டை எடுக்குமுன் அந்தக் கோடு மட்டையில் எங்கே விழும் என்று கணக்கிட்டாக வேண்டும். ஓர் அலகு 3 சென்ரிமீற்றர் என்றால் முதல் இரண்டு மட்டைகளிலும் பிளவுகளுக்கு இடையே 6 சென்ரிமீற்றர். மூன்றாவதில் 2√2 அலகு, ஏறத்தாழ 8.5 சென்ரிமீற்றர். மூன்றிலும் 6 என்று வெட்டும் பிள்ளைக்குச் சமபக்க முக்கோணம் வரும். கோத்த பிறகு மூலையில் பாகைமானியை வைத்தால் 90 பாகைக்குப் பதில் 60. சமன்பாட்டின் எந்த எண் எங்கே போனது என்று அந்தப் பிள்ளை தானாகவே தேடும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கோப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பிளவு மட்டையின் பாதி உயரத்துக்கு. ஒரு மட்டையில் இரண்டும் மேலிருந்து, இன்னொன்றில் இரண்டும் கீழிருந்து, மூன்றாவதில் ஒன்று மேலே, ஒன்று கீழே. மூன்றிலும் ஒன்று மேலே ஒன்று கீழே என்று வெட்டினால் மட்டையை வளைக்காமல் கோக்கவே முடியாது.

குறையும் இருக்கிறது. தென்மேல் பருவ மழை தொடங்கினால் இங்கே எல்லாம் ஈரம். மட்டை வளைந்துவிடும், வளைந்தது தளம் இல்லை. தடித்த மட்டை கொஞ்சம் தாங்கும். இரவில் கனமான புத்தகத்துக்கு அடியில் வைக்கச் சொல்கிறேன்.

ஜியோஜிப்ரா இலவசம், செயலியை ஒருமுறை இறக்கிவிட்டால் டேட்டாவும் வேண்டாம். தோட்டத்து லயங்களில் சிக்னலுக்காக மேட்டுக்கு ஏறும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பழைய கணினியில் போடுபவர்கள் பதிப்பைப் பாருங்கள்: முப்பரிமாணம் 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்துதான். கமராவில் தளங்களை மேசைமேல் நிறுத்திக் காட்டும் வசதியை வேறொருவரின் ஃபோனில் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி, அதை வைத்து நான் படிப்பித்ததில்லை.

ஓரிடத்தில் ஃபோனை வெல்ல முடியாது. x + y = k என்று போட்டு k இற்கு ஒரு ஸ்லைடர் (எண்ணை மாற்றும் இழுவைப் பட்டை) வைத்து 2 இலிருந்து மெல்ல இழுத்தால் அரியம் ஒடுங்கி ஒடுங்கி, k = 0 ஆனதும் மூன்று தளங்களும் z அச்சிலேயே வெட்டிக்கொள்ளும். தீர்வே இல்லாத இடத்தில் திடீரென்று முடிவிலித் தீர்வுகள். போட்டில் இதைக் காட்ட ஒவ்வொரு k இற்கும் புதிதாக வெட்ட வேண்டும், யாருக்கு முடியும்?

மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும் வகைக்கும் போட் சிரமம்தான். இரண்டைக் கோத்த பிறகு மூன்றாவதை நாலு துண்டாக்கி நாலு மூலையிலும் ஒட்ட வேண்டும். அதற்கு நானும் ஃபோனைத்தான் நீட்டுகிறேன்.