மழைக்காலத்தில் வாசித்த ‘குட ஹொரா’

தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் இலங்கையின் தேயிலை மலைநாட்டில், மஸ்கெலியாவிலும் நோர்வூட்டிலும் நாட்கணக்கில் வெயில் தலைகாட்டுவதில்லை. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இரண்டு கைகளும் செடியிலேயே இருக்க வேண்டியிருப்பதால் குடை உதவாது. இடுப்பில் கட்டிய படங்கும் தலைக்குப் போட்டுக்கொண்ட பொலித்தீன் விரிப்புமே அவர்களுடைய மழைக்காப்பு. அவர்களுடைய பிள்ளைகளோ ஒரு குடைக்குள் மூவராக ஒடுங்கிப் பாடசாலைக்கு நடக்கிறார்கள். அத்தகைய பிள்ளைகள் பன்னிருவருக்கு, ஐந்து வயது முதல் ஒன்பது வயது வரையுள்ளவர்களுக்கு, சனிக்கிழமைதோறும் தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு இடமான பிள்ளை மடுவத்தில் கதை வாசித்து வருகிறேன். இந்த மழைக்காலத்தில் நான் எடுத்துச் சென்றது, குடை என்பதையே கண்டிராத ஓர் ஊரில் தொடங்கும் படக்கதையான, சிபில் வெத்தசிங்க சிங்களத்தில் எழுதி வரைந்த ‘குட ஹொரா’ (குடைத் திருடன்).

1956-இல் முதன்முதலாக வெளிவந்த இந்நூல் பல மொழிகளுக்குச் சென்றிருக்கிறது. ஜப்பானில் சிறந்த வெளிநாட்டுச் சிறுவர் நூலாகப் பாராட்டப்பட்டும் இருக்கிறது. காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்து, பத்திரிகை ஓவியராக வளர்ந்து, 2020-இல் 92 வயதில் மறைந்த வெத்தசிங்க, தென்னிலங்கைக் கிராமமொன்றையே தம் சிறுவர் உலகின் நடுவில் வைத்தவர். நான் வாங்கியது சிங்களப் பதிப்பு. நகரத்துப் புத்தகக் கடையொன்றில் தமிழ்ப் படக்கதை நூல் கேட்டபோது பயிற்சிப் புத்தகங்களையும் எழுத்து எழுதிப் பழகும் கொப்பிகளையும் எடுத்துக் காட்டினார்கள். அந்தத் தட்டுக்கு எதிர்த் தட்டில் இது இருந்தது.

கதை சிறியது. கிரி மாமாவின் ஊரில் மழை வந்தால் இலையையோ துணியையோ சாக்கையோ தலைக்குப் பிடித்துக்கொள்வார்கள். முதன்முறையாகப் பட்டணத்துக்குப் போகும் அவர், மக்கள் பல நிறங்களில் எதையோ விரித்துப் பிடித்து நடப்பதைக் கண்டு வியந்து, தாமும் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்புகிறார். கோப்பிக் கடையில் கோப்பி குடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் குடையைக் காணவில்லை. மீண்டும் பட்டணம், மீண்டும் குடை, மீண்டும் களவு. கடைசியில் மடித்த குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைக்கிறார். குடை களவுபோகிறது, சிந்திக் கிடக்கும் காகிதங்களைத் தொடர்ந்து காட்டுக்குள் போனவர், ஒரு மரத்தில் தம் குடைகளெல்லாம் தொங்குவதைக் காண்கிறார். திருடன் ஒரு குரங்கு. (முடிவு தெரிந்தால் கெட்டுப்போகும் கதை அன்று இது, எங்கள் பிள்ளைகள் அதை ஐந்து முறை கேட்டார்கள்.) எடுத்து வந்த குடைகளைக் கொண்டு அவர் ஊரிலேயே குடைக்கடை வைக்கிறார். திருடனுக்கென்று ஒன்றை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

விடாமுயற்சியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நூல்கள் நம்மிடம் ஏராளமாக உண்டு. காகம் கற்களைப் போட்டு நீரை மேலே கொண்டுவருகிறது, ஆமை நில்லாமல் நடந்து முயலை வெல்கிறது. பக்கத்தின் அடியில் ‘நீதி’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி நிற்கிறது. அக்கதைகளின் மீது எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அந்த ஒற்றை வரி வந்தவுடன் பிள்ளைகள் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்பதைப் பல சனிக்கிழமைகளில் கண்டிருக்கிறேன். விடை அச்சிலேயே இருக்கும்போது கேட்பதற்கு அவர்களுக்கு என்ன மிஞ்சும்? வெத்தசிங்கவின் நூலில் அப்படி ஒரு வரி இல்லை. எனக்கு இதைவிடப் பெரியதாகத் தோன்றுவது வேறொன்று: கிரி மாமாவின் விடாமுயற்சி முதலில் பயனற்றதாகவே இருக்கிறது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார், ஒவ்வொரு முறையும் இழக்கிறார். ‘இதை எடுப்பது யார்?’ என்ற கேள்வி அவருடைய செய்கையை மாற்றிய பிறகே அந்த முயற்சிக்குப் பலன் கிடைக்கிறது. ஆர்வமும் உறுதியும் ஒன்றையொன்று எப்போது தேடிக்கொள்கின்றன என்பதை ஒரு கைப்பிடிக் காகிதத் துண்டுகளால் காட்டிவிட்ட வேறொரு சிறுவர் நூலை நான் வாசித்ததில்லை.

இதை நான் விளக்கத் தேவை இருக்கவில்லை. இரண்டாவது குடை காணாமற்போனதுமே ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, “டீச்சர், அவரு ஏன் மறுபடியும் வெளியவே வச்சுட்டுப் போறாரு?” என்று கோபமாகக் கேட்டாள். உள்ளே கொண்டுபோக வேண்டியதுதானே என்று சிலர் சொன்னார்கள். உள்ளே கொண்டுபோனால் திருடனைக் கண்டுபிடிக்கவே முடியாதே என்று அவளுடைய அண்ணன் மறுத்தான். அந்த ஒரு பக்கத்திலேயே அரைமணி நேரம் போயிற்று. காகிதத் துண்டுகள் வந்தபோது பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அடுத்த வாரம் நடந்ததையும் இந்நூலைப் பற்றிய என் மதிப்பீட்டின் பகுதியாகவே எழுதுகிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் தொங்கலில், கடைசி வீட்டில் இருக்கும் பையன் ஒருவனுடைய கோழி இடும் முட்டைகள் சில நாட்களாகக் காணாமற்போய்க்கொண்டிருந்தன. அவன் அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து கூட்டைச் சுற்றித் தூவியிருக்கிறான். முதல் இரவு மழை அடித்துக் கரைத்துவிட்டது. கூட்டைக் கூரையின் இறப்புக்குக் கீழே நகர்த்தி மறுபடியும் தூவியிருக்கிறான். மூன்றாம் நாள் பதிந்திருந்த கால்தடத்தைக் கொப்பி அட்டையில் வரைந்து எடுத்து வந்தான். கீரியா, மரநாயா என்று மடுவத்தில் இன்னும் வாதம் தீரவில்லை. கிரி மாமாவைப் பின்பற்று என்று அவனிடம் எவரும் சொல்லவில்லை.

ஓவியங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வளைந்து ஓடும் கோடுகள், நிழலின்றி நிரப்பிய அடர்ந்த நிறங்கள், ஆடையிலும் இலையிலும் நுணுக்கமான அலங்காரக் கோலங்கள் என்பன வெத்தசிங்கவின் கைவண்ணம். சொற்களில் வராத செய்திகளை முகங்களும் கைகளும் சொல்லிவிடுவதால், சிங்களம் தெரியாத பிள்ளையும் பக்கத்தைப் பார்த்தே கதையின் பாதியைச் சொல்லிவிடுகிறது. ஆயினும் அது தாழ்நிலத்துக் கிராமம். இந்தப் பக்கங்களில் லயம் இல்லை, தேயிலை மலை இல்லை, நம் பிள்ளைகள் தங்கள் வீட்டை அங்கே காண முடியாது. இதை நூலின் பிழையாகச் சொல்ல மாட்டேன். நம் மலைகளை இதே அன்போடு வரைந்த நூலொன்று அதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஏக்கமாகச் சொல்கிறேன். “ஏன் தேத்தண்ணிக் கடை இல்லாம கோப்பிக் கடை?” என்று ஒரு சிறுவன் கேட்டபோது, இந்த மலைகளும் முன்பு கோப்பி மலைகளாகவே இருந்தன என்பதையும், கண்டிப் பகுதியிலுள்ள லூல்கந்துரையில் 1867-இல் தேயிலைத் தோட்டம் தொடங்கியதையும், 1869-இல் தலைகாட்டிய இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பியை அழித்ததையும், அந்தக் கோப்பிக்காகத்தான் நம் முன்னோர் முதலில் அழைத்து வரப்பட்டார்கள் என்பதையும் சொல்ல நேர்ந்தது.

மொழி ஒரு தடை என்று அஞ்சியே போனேன். ‘குட’ என்றதுமே பிள்ளைகள் ‘குடை!’ என்று கத்தினார்கள். ‘மாமா’ இரண்டு மொழியிலும் மாமாதான். ‘ஹொரா’வுக்கு மட்டுமே பொருள் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் வாசகத்தை ஒட்டுத்தாள்களில் எழுதி ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிக்கொண்டேன். சிங்களம் வாசிக்கத் தெரியாத பெற்றோர், வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டு எழுதிக்கொண்டால் போதும், வாக்கியங்கள் எளியவை.

குறை என்று ஒன்றைச் சொல்வதானால், திரும்பத் திரும்பக் குடையை இழக்கும் பகுதியை நூல் விரைவாகக் கடந்துவிடுகிறது. அந்த இழப்புகளுக்கு இன்னும் இரண்டு பக்கங்கள் கொடுத்திருந்தால், கிரி மாமா பட்டணத்துக்கும் ஊருக்குமாக அலைந்த களைப்பைப் பிள்ளைகள் உணர்ந்திருப்பார்கள். என்னிடமுள்ள பிரதியின் மெல்லிய அட்டை, மலைநாட்டு ஈரத்தில் ஒரே மாதத்தில் சுருண்டுவிட்டது. பல கைகளுக்குப் போகும் நூலென்றால் வாங்கிய அன்றே உறை போட்டுவிடுவது நல்லது.

ஐந்து வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளைக்கும் இதைத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். வாசிப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: காகிதத் துண்டுகள் காட்டை நோக்கிப் போகும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுங்கள். தம் கடைசி ஆண்டுகளில் வெத்தசிங்க ஒரு கதையின் முடிவை நாட்டுச் சிறுவர்களிடமே விட்டு, அவர்கள் எழுதிய 1,250 முடிவுகளோடு அதை வெளியிட்டார். அது கின்னஸ் சாதனையாகவும் பதிவாயிற்று. நான் மூடியபோது எங்கள் மடுவத்தில் கிடைத்த முடிவுகள் ஒன்பது. திருடன் கோப்பிக் கடைக்காரர் என்றார்கள் நால்வர். காற்றே கொண்டுபோயிற்று என்றான் ஒருவன். ஐந்து வயதுக் குழந்தை ஒன்று, வெகுநேரம் யோசித்துவிட்டு, மழையில் நனைகிற யாரோ என்று மட்டும் சொல்லியது.