காரைக்குடியில் கென்னடி கொலையும் வெள்ளைப் பணியாரமும்: போகலாமா?

போகலாம். ஆனால் கையில் ஒரு விசிறியோடு போங்கள்.

காரைக்குடியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு வளவில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பேச்சும் டிபனும் சேர்த்து நடத்துகிறார்கள், தலைக்கு 200 ரூபாய். போன தடவை எடுத்துக்கொண்ட விஷயம், 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைச் சுட்டபோது அவருடைய மெய்க்காவலர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது. பேசிய இருவரும் இதை யார் தயவும் இல்லாமல் வருஷக்கணக்காகத் தோண்டிக்கொண்டிருப்பவர்கள். ஒருவர் வங்கியில் ஓய்வு பெற்றவர், இன்னொருவர் போலீஸ்காரர், பாதி சர்வீஸை பந்தோபஸ்திலேயே கழித்தவர்.

வங்கிக்காரர் குடியில் ஆரம்பித்தார். முந்தின ராத்திரி பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் காவலர்கள் ஒன்பது பேர் குடித்தது, கொலையை விசாரித்த வாரன் கமிஷன் அறிக்கையிலேயே இருக்கிறதாம், பயணத்தில் இருக்கும்போது தொடவே கூடாது என்பது விதி, ஆனாலும் ஒருவர் மீதும் நடவடிக்கை இல்லை, ஏனென்றால் தண்டித்தால் கொலைக்கே இவர்கள்தான் காரணம் என்ற பழி விழும் என்று அவர்களின் தலைவர் ரவுலி கமிஷனிடம் சொல்லியிருக்கிறார். கூட்டம் மொத்தமும் உச்சுக்கொட்டியது. போலீஸ்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே, "சரிண்ணே, உயிரைப் பணயம் வெச்சு ஓடிப்போய் கென்னடி கார் மேல ஏறின காவலர் யாரு? கிளின்ட் ஹில். அவரும் முந்தின ராத்திரி அங்க இருந்த ஆளுதானே?" என்றார். வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். என் 200 ரூபாய் அந்த இடத்திலேயே வசூலாகிவிட்டது.

போலீஸ்காரரின் கட்சி வேறு. ஆள் எங்கே நின்றான், எதற்குத் தயாராக இருந்தான், அதைப் பாருங்கள் என்கிறார். ஜனாதிபதி காரின் பின்னால் காவலர் நிற்கப் படி இருந்தும் சுட்ட நேரத்தில் அதில் ஆள் இல்லை, ஹில் பின்னால் வந்த காரிலிருந்து குதித்து ஓடிவர வேண்டியிருந்தது. ஓட்டிய கிரீருக்கு 54 வயது; சத்தம் கேட்டதும் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் திரும்பிப் பார்க்கிறார். கார் போன வேகம் கமிஷன் கணக்கில் சராசரியாக மணிக்கு 11 மைல் சொச்சம், நம் கணக்கில் 18 கிலோமீட்டர், கடைத்தெருவில் ஷேர் ஆட்டோ இதைவிட வேகமாகப் போகும். உடம்பில் பட்ட முதல் குண்டுக்கும் தலையில் பட்டதற்கும் நடுவில் ஏறக்குறைய ஐந்து வினாடி. அதைப் புரியவைக்க செல்போனில் ஸ்டாப்வாட்சை வைத்து எங்களைச் சும்மா உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஆச்சி அப்போதுதான் ஒரு கரண்டி மாவை எண்ணெயில் விட்டிருந்தார், அது உப்பி மேலே வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க அது போதும், பின்னால் இருந்து ஓடிவரப் போதாது என்றார். 1979-ல் அமெரிக்கக் கீழ்சபைக் குழுவும் காவலர்கள் ஒளிந்து சுடுபவனைச் சமாளிக்கத் தயாராக இல்லை என்றுதான் சொன்னதாம். நான் இவர் பக்கம்.

நடுவில் ஒரு தம்பி எழுந்து, டிரைவர்தான் திரும்பிச் சுட்டான், யூடியூபில் பார்த்தேன் என்றான். அதுவரை அடித்துக்கொண்ட இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து அவனை உட்கார வைத்தார்கள்: முன் சீட்டில் இருந்த காவலர் கெல்லர்மன் தலையில் பட்ட வெயில் பளபளப்புதான் படத்தின் மங்கிய பிரதியில் துப்பாக்கி மாதிரி தெரிகிறது.

குறைகளுக்கு வருகிறேன். நாலு மணி என்று சொல்லி நாலே முக்காலுக்குத் தொடங்கினார்கள். சுட்ட நேரத்தில் தெருவோரம் நின்று ஜப்ரூடர் என்பவர் எடுத்த 26 வினாடிப் படத்தைத் திறந்த முற்றத்தில் வெயிலோடு புரொஜெக்டரில் போட்டால் என்ன தெரியும்? வெள்ளைத் திரைதான் தெரிந்தது. ஃபேன் இரண்டு, ஆள் நாற்பது. கேள்வி நேரத்தில் ஒருவர், 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததற்கு வர்மா கமிஷன் பாதுகாப்புக் குறைபாட்டை விசாரித்ததே, பதவி போனதும் ராஜீவுக்கு, பிரதமருக்கென்று இருக்கும் எஸ்பிஜி படையின் காவல் போனதே, அதைப் பேசலாமே என்று கேட்க, கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. உடனே மைக்கை வாங்கி, டிபன் ஆறிவிடும் என்று முடித்துவிட்டார்கள். அது பெரிய தப்பு.

டிபன் ஆறவில்லை என்பது உண்மை. வெள்ளைப் பணியாரம் ஓரம் மொறுமொறுவென்று, நடு பஞ்சாக, வரமிளகாய்ச் சட்னி கண்ணில் தண்ணீர் வர வைத்தது. கந்தரப்பம் சுமார். காபி வேண்டாம்.

ஐந்துக்கு மூன்றரை. அடுத்த மாதம் ஸ்ரீபெரும்புதூரையே எடுங்கள் என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எடுத்தால் முன்வரிசையில் இருப்பேன், ஃபேனுக்கு நேர் கீழே.