வெந்நீர் ஆகாத ரீடெய்னரும் ஊட்டிக் குளிரும்

வகுப்புத் தோழி ஒருத்தி பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்ளப் போகிறாள். வலிக்குமா என்று கேட்டாள். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் நாலைந்து நாள் வலிக்கும், இட்லியைக்கூடப் பாலில் கரைத்துக் குடித்திருக்கிறேன், அவ்வளவுதான். அவள் கேட்டிருக்க வேண்டியது வேறு: கம்பி கழற்றிய பிறகு என்ன?

கம்பியோடு கழிந்த 20 மாதங்களில் என் ஒரே பகை எங்கள் ஊட்டி வர்க்கி, அந்த மொறுமொறு பிஸ்கட். அதன் அடுக்குகள், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டுகளுக்குள் புகுந்து அப்பிக்கொள்ளும். டீயில் நனைத்தால் களியாகி இன்னும் மோசம். பல்லிடுக்கில் நுழையும் குட்டிப் பிரஷ் இல்லாமல் கம்பிப் பல்லைச் சுத்தம் செய்தேன் என்பவர் பொய் சொல்கிறார். நான் சோம்பிய சில வாரங்களின் நினைவாக முன்பல் இரண்டில் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டு. எனாமலில் சுண்ணச்சத்து கரைந்த இடமாம்.

இனி ரீடெய்னர். கம்பி போனதும் பற்கள் பழைய இடத்துக்கே நழுவப் பார்க்கும். அவற்றைப் பிடித்து வைக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய உறை. குறை சொல்லக் கூடாது, நல்ல பொருள். போட்டிருப்பது வெளியே தெரியாது, நாக்கும் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் கழுவ வெந்நீர் ஆகாது. சூடுகாட்டி இளக்கி அச்சில் படியவைத்துச் செய்யும் பிளாஸ்டிக், சூடு கண்டால் மீண்டும் இளகத்தானே செய்யும்? சமவெளிக்காரர்களுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. உறைபனி விழும் ஊரில், கை கழுவக்கூட வெந்நீர் தேடும் வீட்டில் இருந்து பார்க்கட்டும்.

மார்கழியில் ஒரு காலை, "இந்தக் குளிரில் பிள்ளை பச்சைத் தண்ணீரில் கை வைக்கிறாளே" என்று இரங்கி, அம்மா ரீடெய்னரைச் சுடுநீரில் அலசி வைத்துவிட்டார். கீழ்வரிசை உறை வாழைப்பூ மடல் போலச் சுருண்டு கிடந்தது. அம்மாவைக் கோபிக்க முடியவில்லை. பிளாஸ்டிக்கைக் கோபித்துக்கொண்டேன்.

மறுபடி அளவெடுக்கக் கோவைக்குப் பயணம். குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகள், வழக்கம்போல வாந்தி. (வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கக் கூடாது. வயிற்று அமிலம் பட்ட எனாமல் அப்போது இளகியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்து, அரைமணி நேரம் கழித்துத் துலக்க வேண்டும்.) புதியது கைக்கு வருவதற்குள் கீழ்ப்பல் ஒன்று தோளைத் திருப்பிக்கொண்டது. புதிய உறை மூன்று நாள் அழுத்தி வலித்த பிறகே வழிக்கு வந்தது.

இரவில் எத்தனை ஆண்டு போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டேன். "பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும்வரை" என்றார். எனக்கு வயது 17.

ரீடெய்னருக்கு மதிப்பெண்ணா? பள்ளிப் புகைப்படத்தில் முதன்முறையாகப் பல் தெரியச் சிரித்திருக்கிறேன்; அதற்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். ஆனால் இன்று காலை குழாயடியில் அதைத் தேய்த்துக் கழுவியபோது விரல்கள் மரத்தே போய்விட்டன. ஆகவே இரண்டு.

தோழியிடம் கம்பி போட்டுக்கொள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். மே மாதத்தில் கழற்றும்படி கணக்குப் பார்த்துக்கொள் என்றும்.