சேலத்தில் ஒரு மதுமீட்பு மருத்துவமனை: செவிலியர் கவனிப்பு எப்படி இருக்கிறது?

அஸ்தம்பட்டிப் பக்கம் உள்ள ஒரு தனியார் மதுமீட்பு மருத்துவமனையில் என் அண்ணனைச் சேர்த்திருந்தோம். ஜவ்வரிசி ஆலையில் வேலை. பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர். மருத்துவர் காலையும் மாலையும் வந்து போகிறார். மற்ற நேரமெல்லாம் நோயாளியைக் காப்பவர்கள் செவிலியர்கள்தாம் என்பதால் அவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

குடியை நிறுத்திய ஆறு மணி நேரத்திலேயே கைநடுக்கம் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். புத்தி தடுமாறும் கடும் நிலை அதற்கடுத்த ஓரிரு நாட்களில் வந்து உயிரையே பறிக்கவும் கூடும். ஆகவே செவிலியர்கள் இரவும் பகலும் வந்து, "கையை நீட்டி விரலை விரிச்சுக் காட்டுங்கண்ணா" என்று சொல்லி நடுக்கத்தைப் பார்த்து, வியர்வை, குமட்டல், பதற்றம் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டு, அது கூடினால் உடனே மருத்துவரை அழைத்து மருந்தின் அளவைக் கேட்டுக்கொண்டார்கள்.

சேர்த்த அன்று, சோர்ந்து கிடக்கிறவருக்குக் குளுக்கோஸ் ஏற்றக்கூடாதா என்று அண்ணி கேட்டார். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ் என்றார் மூத்த செவிலியர். நெடுநாள் குடித்தவர்களுக்கு அந்த பி1 வைட்டமின் குறைந்திருக்கும் என்றும், அதை ஈடுகட்டாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்றும் பொறுமையாக விளக்கினார்.

சுவரில் பூச்சி ஊர்கிறது என்று அண்ணன் அலறிய இரவில் அவரை யாரும் கட்டிப்போடவில்லை. ஓர் இளம் செவிலியர் விளக்கைப் போட்டு, கட்டிலின் பக்கக் கம்பியை உயர்த்தி, "ஆஸ்பத்திரியிலதான் இருக்கீங்கண்ணா, அண்ணி பக்கத்துலயே இருக்காங்க" என்று அவர் அடங்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்த பிறகும், அடித்துத் 'திருத்தும்' இடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த எங்களுக்கு அந்தக் குரல் எவ்வளவு பெரிய தைரியம் என்று சொல்லி முடியாது.

குறையும் உண்டு. இரவில் வார்டு முழுவதற்கும் அந்த ஒரே பெண்தான். அடுத்த கட்டிலில் ஒருவர் வாந்தி எடுக்க, இருவருக்கும் நடுவில் அவர் ஓடியது நிர்வாகம் வெட்கப்பட வேண்டிய காட்சி. வீடு திரும்பும்போதும் மாத்திரைச் சீட்டைக் கொடுத்தார்களே தவிர, எந்த அறிகுறி கண்டால் திரும்ப வர வேண்டும் என்பதை நாங்களாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

எங்கே சேர்ப்பதானாலும், இரவுப் பணியில் எத்தனை செவிலியர்கள், வலிப்பு வந்தால் ஊசிமருந்து கைவசம் உண்டா என்று முதலில் கேளுங்கள். தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.