மேல்மாடி கராத்தே வகுப்பில 42,500 ரூபாவை விட்டுட்டு நிக்கிறன், கவனம்

இண்டைக்குக் காலமை தங்கச்சி ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, உது நீங்கள் தானே?" எண்டு கேட்டாள். "30 நாளில 9 கிலோ குறைச்ச அக்கா" எண்டு போட்டு ஒரு படம். முகத்தை மறைச்சிருக்கினம். ஆனா கையில கட்டின கோயில் நூலும், நிறை பாக்கிற மெசினில நிக்கிற அந்தக் காலும் என்ர தான். ஒன்பது இல்லை, ஒரு கிலோகூட நான் குறையேல்லை. குறைஞ்சது 42,500 ரூபா. அந்தக் கொதியில தான் எழுதுறன். உப்பிடியான வகுப்புகளுக்குப் போறவை என்னென்ன பாக்கோணும் எண்டு கடைசியில விபரமா எழுதுறன்.

பேர் போடேல்லை. யாழ்ப்பாண டவுனுக்குக் கிட்ட, கடைக்கு மேல மாடியில, கராத்தேயையும் கிக்பொக்சிங்கையும் கலந்து நிறை குறைக்கிற வகுப்பு எண்டு நடத்துறது. போனவைக்கு விளங்கும்.

எனக்கு 43 வயசு. சீனி எல்லையில நிக்குது, நிறையைக் குறையுங்கோ எண்டு கிளினிக்கில சொன்னவை. நல்லூர் வெளிவீதியில காலமை நடந்துகொண்டு தான் இருந்தனான், அலுத்துப் போச்சு. மூண்டு மாசத்தில 12 கிலோ, முதல் நாள் இலவசம் எண்டு கண்ட உடன வெளிக்கிட்டிட்டன்.

மாஸ்டருக்கு முப்பது வயசும் வராது. படியேறிப் போக, நான் வாசலில கழட்டின செருப்பைத் தன்ர கையால எடுத்து நிழலில வைச்சுப்போட்டு, "வாங்கோ அக்கா, என்ர அம்மாவுக்கும் சீனி தான்" எண்டான். நான் விழுந்தது அதில தான். பெத்த பிள்ளை கூட என்ர செருப்பை எடுத்து வைச்சதில்லை.

பேந்து, "வெயிலுக்கால வந்திருக்கிறியள், முதல் தண்ணி குடியுங்கோ" எண்டு ஒரு லீற்றர் போத்தலைத் தந்தான். முழுசாக் குடிச்சன். அதுக்குப் பிறகு தான் நிறை பாத்தது, 83.9. பிறகு மழைக்கோட்டு மாதிரி ஒரு பிளாஸ்ரிக் உடுப்பைப் போடச் சொல்லி, ஃபானையும் நிப்பாட்டி, ஒரு மணித்தியாலம் குத்தும் உதையும். முடியக் கழட்டேக்க சட்டைக் கையால வேர்வை குழாய் திறந்த மாதிரி ஊத்துது. உடுப்பு மாத்தி ஏறி நிண்டா 82.4. "பாத்தியளே அக்கா, ஒரே நாளில ஒண்டரைக் கிலோ!" அங்க நிண்டவை எல்லாரும் கை தட்டிச்சினம். அப்ப எடுத்த படம் தான் இண்டைக்கு விளம்பரத்தில வந்தது. தண்ணியை ஏத்தி நிறுத்து, தண்ணியை இறக்கி நிறுத்திருக்கிறான். நானும் கொழுப்புத் தான் கரைஞ்சு ஊத்துது எண்டு சந்தோசப்பட்டு நிண்டன், விசரி.

அடுத்த நாளே சீட்டு எடுத்த காசைக் கொண்டு போய்க் குடுத்தன். மூண்டு மாசத்துக்கு 30,000, உடுப்பு 5,500, கிளவுஸ் 4,500, அந்த வேர்வைச் சட்டை 2,500. மொத்தம் 42,500. பற்றுச்சீட்டு எண்டு தந்தது சீ.ஆர். கொப்பியில கிழிச்ச ஒரு ஒற்றை.

கிழமைக்கு மூண்டு வகுப்பு. மட் ஒண்டும் இல்லை, வெறும் மாபிள் தரை. ரெண்டாம் கிழமையே மாவாஷி கெரி எண்டு பக்கத்தால சுழட்டி உதைக்கிற உதையைக் காட்டிப்போட்டு, போனோட வெளியில போட்டான். உதைக்கேக்க நிலத்தில ஊண்டின காலும் சேர்ந்து திரும்போணுமாம், இல்லாட்டி முழங்கால் முறுகுமாம். இது எனக்குத் தெரிய வந்தது முழங்கால் வீங்கி டொக்டரிட்டப் போன பிறகு. ஐஞ்சாம் கிழமை போனா மண்டபம் பூட்டு.

அதுக்குப் பிறகு நடந்ததை நினைச்சாத் தான் இன்னும் பத்துது. கோல் எடுத்தா, "மாஸ்டர் கொழும்பில, அக்கா." பத்து நாள் கழிச்சு, "மண்டபம் மாத்துறம் அக்கா, கொஞ்சம் பொறுங்கோ." பிறகு கோலே இல்லை, மெசேச் பாத்ததுக்கு நீலச் சரி மட்டும் விழும். 42,500இல பாதியையாவது தாங்கோ எண்டு கேட்டதுக்குக் கடைசியா வந்த பதில்: "கட்டின காசு திருப்பித் தாறேல்லை. உங்களிட்ட மன உறுதி இல்லாததுக்கு நாங்கள் பொறுப்பில்லை." மன உறுதியாம்! செருப்பு எடுத்து வைச்ச கை தான் இதையும் ரைப் பண்ணினது.

உயர்தரத்தில உயிரியல் படிக்கிற என்ர மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஒரு கிலோ உடம்புக் கொழுப்பில கிட்டத்தட்ட 7,700 கலோரி. 12 கிலோவுக்கு 92,400. என்னை மாதிரிப் புதுசாப் பழகிற, எண்பது சொச்சம் கிலோ ஆளுக்கு ஒரு மணித்தியாலக் கராத்தேயில போறது நானூறு சொச்சம் கலோரி தான். கிழமைக்கு மூண்டு நாளெண்டு மூண்டு மாசமும் ஒழுங்காப் போயிருந்தாலும், சாப்பாட்டைக் குறைக்காமல் வெறும் வகுப்பால ரெண்டு கிலோ வந்தாப் பெரிய காரியம். "அம்மா, குடுக்க முதல் என்னட்டக் கேட்டிருக்கலாமே" எண்டாள். அது வேற எரிச்சல். கராத்தேயில பிழை சொல்லேல்லை, வடிவாப் படிச்சா உடம்புக்கு நல்லது தான். அங்க படிப்பிக்கவே இல்லையே.

நுகர்வோர் அதிகார சபைக்கு, 1977 எண்ட நம்பருக்குக் கோல் அடிச்சன். மரியாதையாக் கதைச்சவை, பற்றுச்சீட்டோட எழுத்தில முறைப்பாடு தரச் சொன்னவை. என்ர ஒற்றையில "42,500 கிடைத்தது" எண்டும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் தான். இடத்தின்ர பேரே இல்லை. இருந்தாலும் திங்கள் குடுக்கப்போறன், அந்தப் படத்தையும் சேர்த்து.

சரி, விபரமா எழுதுறன் எண்டனான், கை நடுங்குது. மாசம் மாசமாக் கட்டுங்கோ, மொத்தமா வேண்டாம். பேரும் விலாசமும் அடிச்ச பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் நீட்டாதேங்கோ. தரையில மட் இருக்கோ எண்டு பாருங்கோ. நிறை பாக்கிறதெண்டா வீட்டில, காலமை வெறும் வயித்தில பாருங்கோ. பிளாஸ்ரிக் உடுப்பை எங்கட வெயிலுக்குப் போடவே போடாதேங்கோ, மயங்கித் தான் விழுவியள். படம் எடுக்க விடாதேங்கோ. அங்க காசு குடுத்த வேற ஆரும் இருந்தா உள்பெட்டியில சொல்லுங்கோ, திங்கள் சேர்ந்து போவம்.